முக்காலியில் சிந்திய மெழுகு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் காரைக்குடி செக்காலையில் என்னிடம் கணக்குப் படித்தவர்கள் யாராவது சொல்லிவிடுவார்கள், அதுவும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள். சிவப்பு மைப் பேனாவைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு கோவிலுக்கே போகிற ஆள் நான். எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோவில் அறிவிப்புப் பலகையில் பிழை கண்டால், பூசை முடிந்ததும் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டுத்தான் செருப்பை மாட்டுவேன். என் மனைவி சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் தள்ளி நின்றுகொண்டு, "வட்டம் போட்டாச்சா? வாரீகளா, போவமா?" என்பாள். என்னைப் பார்த்துப் பயப்படாத ஒரே ஆள் அவள்.

தொண்ணூறுகளின் நடுவில் அவளுக்கு நோய் வந்தது. கர்ப்பப்பையில் புற்று. மதுரையில் அறுத்தார்கள், பிறகு கரண்டு, அதாவது கதிர்ச் சிகிச்சை, வைத்தார்கள். திருப்பத்தூர், மேலூர் வழியாகப் பஸ்ஸில் போய்ப் போய் அந்தப் பாதையில் எந்த இடத்தில் குலுக்கும் என்று இரண்டு பேருக்கும் மனப்பாடமாகிவிட்டது. குலுக்கல் வருவதற்கு முன்னாலேயே அவள் என் கையைப் பிடித்துக்கொள்வாள். வீட்டில் எங்களுக்கு ஒரே மகள், காலேஜில் இரண்டாம் வருஷம். அம்மாவைப் பார்த்துக்கொள்ள அவள் பாதி நாள் லீவு போட்டாள்.

எங்கள் கோவிலில் ஒரு வழக்கம் உண்டு. நோயாளிக்காக வேண்டிக்கொள்ள விரும்புகிறவர்கள் ஒரு சீட்டில் எழுதி, வாசல் பக்கம் இருக்கிற மன்றாட்டுப் பெட்டியில் போடவேண்டும். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் உபதேசியார் ஒவ்வொன்றாக வாசிப்பார். கோவில் முழுக்க, "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பதில் சொல்லும். உபதேசியாருக்கு அப்போதே அறுபது தாண்டியிருக்கும். பங்குச் சாமியாருக்கு அடுத்தபடி அங்கே எல்லாம் அவர்தான். மணி அடிப்பார், செபமாலை சொல்வார், அடக்கத்துக்குச் சிலுவை தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பார். ஒரு காது உடைந்த மூக்குக் கண்ணாடியை நூல் கட்டி மாட்டியிருப்பார்.

நான் முதல் சீட்டு போட்ட ஞாயிறு. என் மனைவியின் பெயரைச் சொல்லிவிட்டு, "இறைவனுக்குச் சித்தமானால், இவர் முழுக் குணம் பெற" என்று வாசித்தார். எனக்குச் சுருக்கென்றது. பூசை முடிந்ததும் உடுப்பு வைக்கிற அறைக்கே போய்விட்டேன்.

"சித்தமானால்னு நான் எழுதுனேனா?"

"வழக்கமாச் சொல்றதுதானே சார். நாம என்னதான் கேட்டாலும் கடைசியில அவரு கையில விட்டுறணும்ல?"

"வழக்கமும் வேணாம் கிழக்கமும் வேணாம். நான் எழுதுனதை எழுதுனபடி வாசிங்க. ஒரு எழுத்துக் கூட்டக் கூடாது, ஒரு எழுத்துக் குறைக்கக் கூடாது."

அவர் கண்ணாடி நூலை இழுத்து விட்டுக்கொண்டார். "சரிங்க சார். எழுதுனபடி" என்றார். அதன்பிறகு பதினான்கு மாதம், ஒவ்வொரு ஞாயிறும் எழுதினபடிதான் வாசித்தார்.

சீட்டு எழுதுவது எனக்கு ஒரு வேலையாகவே ஆகிவிட்டது. சனிக்கிழமை ஸ்கூல் விட்டு வந்ததும் முக்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்வேன். பர்மாத் தேக்கில் என் தகப்பனார் செய்து கொடுத்த முக்காலி அது. பரீட்சைப் பேப்பர் திருத்துவது, காப்பி குடிப்பது எல்லாம் அதில்தான். வாசகம் ஒரே வாசகம்தான்: 'என் மனைவி முழுக் குணம் பெற்று எங்களோடு நெடுங்காலம் வாழ.' மேலே அவள் பெயரை எழுதி, அதன் கீழே இரண்டு கோடு போடுவேன். கட்டிலில் படுத்திருக்கிறவள் எட்டிப் பார்த்துச் சிரிப்பாள். "சர்வேசுரனுக்கே மெமோ குடுக்குற ஆளு காரக்குடியில நீங்க ஒருத்தர்தான்" என்பாள். எனக்குச் சிரிப்பு வராது. கேட்கிறதைத் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

அடுத்த வீட்டில் ஒரு அம்மா. வலையபட்டிப் பக்கம் வயல்காடு உள்ள குடும்பம், பிள்ளைகள் படிப்புக்காகச் செக்காலையில் வந்து இருந்தார்கள். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடும். அந்த அம்மா என் மனைவிக்காகக் குன்றக்குடி மலைக்கு வெறுங்காலோடு போய்ப் படியேறிவிட்டு, ஒரு தாளில் திருநீறு மடித்துக்கொண்டு வந்தது. என் மனைவி அதை வாங்கித் தலையணைக்கு அடியில், செபமாலைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். அந்தச் சமயத்தில் அவளுக்காக யார் யாரிடம் கேட்டாலும் எனக்குச் சம்மதம்தான்.

தவக்காலம் தொடங்கியபோது மதுரை டாக்டர், "இனி வீட்டில் வைத்துப் பாருங்கள்" என்றார். வீட்டுக்குப் போகலாம் என்றால் தேறிவிட்டாள் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். படித்தவன்தான், பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவன்தான். ஆனாலும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிலுவைப்பாதை முடிந்து மகள் வீட்டுக்கு வந்தாள். அடுப்படியில் நான் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்று, மெதுவாக, "அப்பா, சாமியாரைக் கூட்டிட்டு வரவா? அம்மா கேக்குறாக" என்றாள்.

எதற்கு என்று எனக்கு உடனே புரிந்தது. நோயாளியின் நெற்றியிலும் கையிலும் சாமியார் மந்திரித்த எண்ணெய் பூசிச் செபிக்கிற தேவதிரவிய அனுமானம் அது. நோயில் பூசுதல் என்று இப்போது பெயரை மாற்றிவிட்டார்கள். நோயாளிக்குத் தெம்பு கொடுக்கத்தான் அது என்று சாமிமார்கள் பிரசங்கத்தில் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறார்கள். எங்கள் ஆட்களிடம் எடுபடவில்லை. எங்களுக்கு அது பழைய பெயரிலேயே அவஸ்தைதான். அவஸ்தை கொடுக்கச் சாமியார் ஒரு வீட்டுக்குள் நுழைகிறார் என்றால், தெருவே அந்த வீட்டைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொள்ளும். அடுத்து வருவது பெட்டிதான் என்று அர்த்தம்.

"உங்கம்மாவைப் பிணமாக்காம விட மாட்டியா நீ?" என்று கத்தினேன். கையிலிருந்த கஞ்சித் தம்ளரை அடுப்புத் திட்டில் ஓங்கி வைத்ததில் கஞ்சி சுவரெல்லாம் தெறித்தது. "இந்த வீட்டு வாசப்படியில அதுக்குன்னு எந்தச் சாமியாரும் ஏறக் கூடாது. ஏறுனா நான் இங்க இருக்க மாட்டேன்."

அடுப்படிக்கும் கட்டில் கிடந்த அறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். எல்லாம் அவளுக்குக் கேட்டிருக்கும். நான் கஞ்சியைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவள், "உப்புக் கம்மியா இருக்கு" என்று மட்டும் சொன்னாள். மகள் துணியை எடுத்துச் சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சனிக்கிழமை, பத்தாம் வகுப்புக்கு ஸ்பெஷல் கிளாஸ். முடித்துவிட்டு மத்தியானம் வந்தேன். என் முக்காலியில் மெழுகு சிந்திக் கிடந்தது, இரண்டு இடத்தில். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"யாரு இதுல மெழுகுதிரி வச்சது?"

"கரண்டு போச்சுப்பா" என்றாள் மகள்.

"பட்டப்பகல்ல கரண்டு போனா மெழுகுதிரி எதுக்கு? தேக்கு மரம், பாழாப் போச்சு!"

கட்டிலிலிருந்து குரல் வந்தது. "பிள்ளையை ஏசாதீக. நாந்தான் ஏத்தச் சொன்னேன்."

பிளேடை எடுத்து வைத்துக்கொண்டு சுரண்டினேன். சுரண்டிக்கொண்டே அவளைத் திரும்பிப் பார்த்தேன். தலை சீவி, நெற்றி துடைத்து, பெட்டியில் கிடந்த நீலப் புடவையைக் கட்டியிருந்தாள். முகம் தெளிவாக இருந்தது. மாதக்கணக்காக நான் பார்க்காத தெளிவு. ஆகா, தேறிவிட்டாள் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். சுரண்டி முடித்த கையோடு அதே முக்காலிக்கு முன்னால் உட்கார்ந்து அந்த வாரச் சீட்டை எழுதினேன். பதினான்கு மாதத்தில் நான் சந்தோஷமாக எழுதிய சீட்டு அது ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமை காலை அவள் போய்விட்டாள். நான் ஸ்கூலுக்குப் புறப்பட்டுச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். "பேனா எடுத்துக்கிட்டீகளா?" என்றாள். "எடுத்தாச்சு" என்றேன். பொத்தானைப் போட்டு முடிக்கவில்லை, மகள் 'அப்பா' என்று கூப்பிட்டாள். அவ்வளவுதான்.

வீடு நிறைய ஆட்கள். சிவகங்கையிலிருந்து என் அக்கா வந்து இறங்கி, கட்டிக்கொண்டு அழுது முடித்து, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு முதலில் கேட்ட கேள்வி, "அவஸ்தை வாங்குனாளா?"

எங்கள் வீடுகளில் எல்லோரும் கேட்கிற கேள்விதான் அது. கேட்டதில் தப்பில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மகள்தான் சொன்னாள்: "வாங்குனாக அத்தை. சனிக்கெழமை."

"அம்மாடி, அதுபோதும். சேசுவே, உமக்குத் தோத்திரம்" என்று அக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

பெற்ற மகள், தாயின் சவத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, எனக்காகப் பொய் சொல்கிறாள். பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது. என் மனைவி ஒரே ஒரு காரியம் கேட்டாள். சாகக் கிடக்கிறவள் தன் சாமியைக் கேட்டாள். அதைக் கொடுக்காமல் அனுப்பிவிட்டேன். எனக்குப் பயம். என் பயத்துக்காக அவளை வெறுங்கையோடு அனுப்பிவிட்டேன். பெட்டியை மூடும்போதும், குழியில் மண் போடும்போதும் இது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு நின்றுபோனது. மகள் சமைப்பாள், தட்டை வைப்பாள், காலேஜுக்குப் போவாள். என் முகத்தை நேராகப் பார்க்க மாட்டாள். ஏதோ சொல்ல வருவதுபோல வாசற்படியில் நிற்பாள், பிறகு போய்விடுவாள். என்ன சொல்ல வருகிறாள் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். அம்மாவை இப்படி அனுப்பிவிட்டீர்களே என்பாள். அதைக் கேட்க எனக்குத் திராணியில்லை. அவள் நடையில் வந்தால் நான் கொல்லைக்குப் போய்விடுவேன்.

கோவிலுக்கும் போகவில்லை. குருத்து ஞாயிறு போனது, பெரிய வெள்ளி போனது, ஈஸ்டரும் போனது. பதினான்கு மாதம் கெஞ்சினேன், ஒன்றும் நடக்கவில்லை, இனி ஆண்டவர் முகத்தில் எதற்கு முழிக்க வேண்டும் என்று ஒரு வீம்பு. அடியில் இன்னொன்றும் இருந்தது. அவளுக்குக் கொடுக்க மறுத்துவிட்டு நான் மட்டும் போய் நாக்கை நீட்டி நன்மை என்கிற நற்கருணை அப்பத்தை வாங்குவதா? ஈஸ்டரன்று மகள் தனியாகப் புடவை கட்டிக்கொண்டு போனாள். அன்று நான் சாப்பிடவில்லை. அடுத்த வீட்டு அம்மா குழம்புச் சட்டியோடு வந்து நின்றது.

"எங்க சாமியும் கேக்கல, உங்க சாமியும் கேக்கல. எடுத்துட்டுப் போங்கம்மா" என்றேன்.

"சாமியோட கோவம்னா அதை அங்குட்டுப் போயிப் பேசுங்கண்ணே. சோத்தோட என்ன கோவம்?" என்று சட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டது.

முப்பதாம் நாள் நடுவாரத்தில் விழுந்தது. சொந்தபந்தம் வர வசதியாக அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை வைத்துக்கொண்டோம். பூசை முடிந்ததும் எல்லோருமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்க் குழியை மந்திரிக்க வேண்டும். பூசைக்கு முதல் நாள் மகள் முக்காலியைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள். அதன்மேல் ஒரு தாளையும் பேனாவையும் வைத்தாள்.

"பூசைக்கு எழுதிக் குடுங்கப்பா. உபதேசியார் கேட்டாக."

எழுதினேன். ஒரே மூச்சில் எழுதி, பார்க்காமல் நாலாக மடித்துக் கொடுத்துவிட்டேன். அவளும் பிரிக்காமல் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கோவிலில் நான் முன்வரிசையில், கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மன்றாட்டு நேரம் வந்தது. உபதேசியார் தாளைப் பிரிக்கும் சத்தம் மைக்கில் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, என் மனைவியின் பெயரை வாசித்தார். "முழுக் குணம் பெற்று எங்களோடு நெடுங்காலம் வாழ, இறைவா உம்மை மன்றாடுகிறோம்."

பழக்க தோஷத்தில் பாதிக் கோவில், "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சொல்லிவிட்டது. மீதிப் பாதி வாயடைத்து உட்கார்ந்திருந்தது. பிறகு முணுமுணுப்பு. "ஐயோ, செத்தவளுக்கா?" என்று அக்கா சத்தமாகவே கேட்டாள். நான் பூசை எப்போது முடியும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

முடிந்ததும் அந்த உடுப்பு அறைக்குள் புகுந்தேன். மெழுகுதிரிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"கண்ணு தெரியலைன்னா வீட்டுல கெடக்கணும். எம் பொண்டாட்டி செத்தது உமக்குத் தெரியாது? சிலுவை தூக்கிட்டு முன்னால நடந்தீரே! இத்தனை பேரு முன்னால இப்படிக் கேலி பண்ணிட்டீரே!"

அவர் ஜிப்பாப் பையிலிருந்து சீட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். என் எழுத்து. பெயருக்குக் கீழே என் இரண்டு கோடு. ஒரு மாதமாக மண்ணுக்குள் கிடக்கிறவள் எங்களோடு நெடுங்காலம் வாழ வேண்டும் என்று, ஊரார் பிழைக்கெல்லாம் வட்டம் போடுகிற நான், என் கைப்பட எழுதியிருக்கிறேன்.

"பிரிச்சதும் ரெண்டு தடவை படிச்சுப் பாத்தேன் சார்" என்றார். "உங்களைப் பாத்தேன். நீங்க கண்ணை மூடிக்கிட்டு இருந்தீக. நானா மாத்திச் சொல்லிருக்கலாம். எழுதுனதை எழுதுனபடிதான் வாசிக்கணும்னு நீங்கதான் சொல்லிருக்கீக."

அங்கே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். "மன்னிச்சுருங்க" என்றேன். அந்த வார்த்தையை நான் அதிகம் பழகியதில்லை. அது எனக்கே வேறு யாருடைய குரலோ போலக் கேட்டது.

அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "கேலியெல்லாம் இல்ல சார். ஊரே பதினாலு மாசம் அவுக குணமாகணும்னு கேட்டுச்சு. இன்னைக்கும் கேட்டுருச்சு. ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்கிறாதீக. அவுகளுக்கு இப்ப நோவு இருக்கா?"

இதெல்லாம் பேச்சுக்கு நல்லாயிருக்கும் ஓய் என்று சொல்ல நினைத்தேன். அவளுடைய கடைசி மாதங்கள் ஞாபகம் வந்தன. புரண்டு படுக்க முடியாமல், தலையணை ஓரத்தைக் கடித்துக்கொண்டு, எனக்குக் கேட்கக் கூடாது என்று முனகலை விழுங்குவாள்.

"இல்ல" என்றேன். அப்போதுதான் அவள் செத்துப்போனாள் எனக்கு. ஓவென்று அழுதேன். பள்ளிக்கூடத்துப் பையன்கள் பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள். அவர் என் தோளில் வைத்த கையை எடுக்கவில்லை.

அழுகை நின்றதும், சாமியாரிடம் போய், கல்லறைக்குப் புறப்படுவதற்கு முன்னால் என் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்றேன். அவர் ஸ்டோலாத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பக்கத்துப் பீடத்தண்டை உட்கார்ந்தார். முழங்காலில் இருந்துகொண்டு மூன்றே வாக்கியம் சொன்னேன். என் மனைவி சாமியாரைக் கேட்டாள். எனக்குப் பயம், நான் விடவில்லை. அவள் வாங்காமலே போய்விட்டாள். சாமியார் மன்னிப்புக் கொடுத்தார். "உங்களுக்குப் பரிகாரம் ஒண்ணே ஒண்ணுதான். இதை அப்படியே உங்க மகக்கிட்ட இன்னைக்கே சொல்லுங்க" என்றார். நூறு செபமாலை சொல்லச் சொல்லியிருந்தால் எனக்கு அது சுலபமாக இருந்திருக்கும்.

கணக்கில் வரிசை முக்கியம், எந்தப் படி முன்னால், எந்தப் படி பின்னால் என்பது. அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். நான் தப்புச் செய்தவனாகவே மண்டியிட்டேன். தப்புச் செய்தவனாகவே மன்னிக்கப்பட்டேன். எழுந்தபோது நெஞ்சில் ஒரு மாதமாக உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கியிருந்தது. மகள் சொன்னது இதற்குப் பிறகுதான்.

கல்லறைத் தோட்டத்தில் மந்திரித்து முடிந்து எல்லோரும் வாசல் பக்கம் நடந்தார்கள். மகள் மட்டும் குழியண்டை உட்கார்ந்து, காற்றில் அணைந்த மெழுகுதிரியைத் திரும்ப ஏற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதிரே செம்மண்ணில் உட்கார்ந்தேன்.

"ஒங்கம்மா கேட்டதை நான் குடுக்க விடல" என்றேன். "ஒன்னையையும் கண்டபடி ஏசிட்டேன். அத்தைகிட்ட எனக்காகப் பொய்யும் சொல்ல வச்சுட்டேன். என்னைய மன்னிச்சுரும்மா."

அவள் தீக்குச்சியைக் கீழே போட்டாள். என் முகத்தை நேராகப் பார்த்தாள். ஒரு மாதத்தில் முதல் தடவை.

"அது பொய் இல்லப்பா."

எனக்கு விளங்கவில்லை.

"சனிக்கெழமை நீங்க கிளாசுக்குப் போனதும், அம்மாதான் போயிக் கூட்டியாரச் சொன்னாக. சாமியாரும் உபதேசியாரும் பின்பக்க வழியா வந்தாக, தெருவுல யாரும் பாத்து உங்ககிட்டச் சொல்லிறக் கூடாதுன்னு. நான் முக்காலியைக் கட்டில்கிட்ட இழுத்துப் போட்டு, வெள்ளைத் துணி விரிச்சு, சிலுவையை வச்சு, ரெண்டு மெழுகுதிரி ஏத்துனேன். எண்ணெய் பூசுனாக. நன்மை குடுத்தாக. முடிஞ்சதும் துணியை எடுக்குறேன், மெழுகு கீழ ஊறிருந்துச்சு. சுரண்டுறதுக்குள்ள நீங்க வந்துட்டீக."

நீலப் புடவை. சீவிய தலை. அந்தத் தெளிவு. பிளேடை வைத்துக்கொண்டு நான் எதைச் சுரண்டினேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

"ஏன் இத்தனை நாளாச் சொல்லல?"

"அம்மா சத்தியம் வாங்கிட்டாக, எங்கிட்டயும் வந்த ரெண்டு பேருகிட்டயும். அவரா அந்தப் பேச்சை எடுக்குற வரைக்கும் சொல்லாதீக, எடுக்குற அன்னைக்குத்தான் அவரு தாங்குவாருன்னாக. நானும் தெனம் பாத்தேன்ப்பா. நீங்க எடுக்கவே இல்ல. நான் வந்தா எந்திரிச்சுப் போயிட்டீக."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். "சீட்டு எழுதுறதை மட்டும் நிப்பாட்டச் சொல்லிறாத, அது இல்லைன்னா மனுசன் ஒடஞ்சு போயிருவாருன்னாக. எண்ணெய் பூசுறப்ப உங்களுக்காகத்தான் வேண்டிக்கிட்டாக."

"என்னான்னு?"

"இந்த மனுசனுக்குக் கோவம் குணமாகணும்னு."

கல்லறைத் தோட்டத்தில் நான் சிரித்துவிட்டேன். வாசல் பக்கம் நின்ற அக்கா, முப்பதாம் நாளும் அதுவுமாக இவனுக்கு என்ன ஆயிற்று என்று திரும்பிப் பார்த்தாள். பதினான்கு மாதம் நான்தான் அவளைத் தாங்கிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். கட்டிலில் கிடந்தபடி அவள்தான் என்னைத் தாங்கியிருக்கிறாள்.

துக்கம் அதோடு தீர்ந்துவிட்டது என்று எழுதினால் பொய். அதன்பிறகும் எத்தனையோ காலைகளில் இரண்டு தம்ளர் காப்பி ஊற்றிவிட்டு நின்றிருக்கிறேன். மதுரை பஸ்ஸில் குலுக்கல் வருகிற இடத்தில் கை தானாகப் பக்கத்துச் சீட்டுக்குப் போயிருக்கிறது. ஆனால் அந்தத் துக்கத்தை எடுத்துக்கொண்டு போய் வைக்க எனக்கு ஒரு இடம் கிடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மகளோடு போய் நன்மை வாங்கும்போது, அவளும் அந்த மேசையில்தான் எங்கேயோ இருக்கிறாள் என்று நம்புகிறேன். நம்பத் தெரியாத நாட்களில் உபதேசியார் நம்புவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

முப்பதாம் நாள் பூசைக்கு அடுத்த சனிக்கிழமை வெறுந்தாளைக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்தேன். "நீங்களே எழுதுங்க" என்றேன். நிதானமாக எழுதினார். அவளுடைய ஆன்மா இளைப்பாறவும், அவளை இழந்தவர்கள் இறைவன் சித்தத்தில் தேறவும் என்று எழுதியிருந்தார். ஒரு ஒற்று விட்டுப்போயிருந்தது. பையில் சிவப்புப் பேனா இருந்தது. எடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் முக்காலியில் முழுப் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். பிளேடுக்கு அகப்படாத கொஞ்சம் மெழுகு மரத்தின் ரேகைக்குள் இறங்கி, இரண்டு இடத்திலும் வெளுத்துக் கிடந்தது. மகள் காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

"எனக்கு அந்த நேரம் வந்தா, எங்கிட்டச் சொல்லிட்டே சாமியாரைக் கூட்டிட்டு வா. முன்வாசல் வழியாவே வரட்டும்" என்றேன்.

"பயந்துற மாட்டீகளே?"

"பயப்படுவேன். இருந்தாலும் கூப்பிடு."

அவள் முக்காலியைப் பார்த்தாள். "இதுலதான் மெழுகுதிரி வைப்பேன். சிந்தும்."

"சிந்தட்டும்" என்றேன்.